‘ஆம்’ படத்தைத் தாண்டி

ஜனவரி 12

அண்ணிக்கு,

இந்தப் பார்சலைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். தபால் ஆபீஸ் கவுண்டரில் இருப்பவர் நீங்கள், ‘பெற மறுப்பு’ என்று எழுதித் தள்ள உங்களுக்கு அரை நிமிடம் போதும். அதனால் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

போன் செய்ய வேண்டாம் என்றீர்கள். என் குரல் கேட்டதும் அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்து, சொல் வராமல் அழுகிறார், அன்று முழுக்கச் சாப்பிடுவதில்லை என்றீர்கள். சரி என்றேன். இதுவரை செய்யவில்லை.

உள்ளே இருப்பது ஒரு டேப்லெட், தொட்டால் வேலை செய்யும் திரை. திரையில் இருபது படங்கள் இருக்கும். தண்ணீர், மின்விசிறி, வலி, போர்வை என்று. அண்ணன் ஒன்றைத் தொட்டால் அது கொஞ்சம் பெரிதாகி, அந்தச் சொல்லை உரக்கச் சொல்லும். கீழே உள்ள பொத்தானைத் தொட்டால் கேள்வித் திரை வரும். அதில் இரண்டே இரண்டு பெரிய படங்கள், ஆம், இல்லை. நீங்கள் கேட்க வேண்டியதைக் கேட்கலாம். தலையசைப்பை நம்ப வேண்டாம், எதைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் ஆட்டுகிறார் என்று டாக்டர் சொன்னார் அல்லவா? அதற்காகத்தான்.

பேசுவது என் குரல் இல்லை. எங்கள் ஆபீஸ் வாசலில் இருக்கும் காவலாளியைக் கெஞ்சிப் பேச வைத்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. “நாலு நாள் கழிச்சு விருந்தாளி மாதிரி வந்து நிக்கிறியே” என்றீர்கள். ஒரு வருஷமாக என்னோடு பேசாமல் இருந்த அண்ணன் பக்கவாதத்தில் படுத்துவிட்டார் என்று கேட்டதும், போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ என்று பயந்தேன். அந்தப் பயத்தில் போனதுதான் நாலு நாள்.

தங்கை

ஜனவரி 25

கம்ப்யூட்டர்காரிக்கு,

பார்சல் வந்தது. திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் ஒட்டியிருந்த விலாசத்தை உன் அண்ணன் பார்த்துவிட்டார். கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன், பெட்டியை விடவே இல்லை.

உன் யந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், யாரோ ஓர் ஆம்பளை என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நாளெல்லாம் தண்ணீர் கேட்கிறான். அதுவும் ஒரு தடவையா? இவருக்குக் கை நடுங்குகிறது. ஒருமுறை தொட்டால் “தண்ணீர் தண்ணீர் தண்ணீர் தண்ணீர்” என்கிறது. பக்கத்து வீட்டு அம்மா வந்து, “ஏங்க, தண்ணி குடுக்க மாட்டீங்களா மனுசனுக்கு?” என்று என்னிடமே கேட்டாள். மானம் போகிறது.

மைதானத்தின் அந்த மூலையில் ஓடும் பையனை இந்த மூலையிலிருந்து பெயர் சொல்லி நிறுத்தியவர். விசிலே வேண்டாம், பி.டி. வாத்தியார் தொண்டை போதும் என்பார்கள். இன்று ஒரு படத்தைத் தொட்டுத் தண்ணீர் கேட்கிறார். எனக்கு இது நல்லதா கெட்டதா என்றே தெரியவில்லை.

நான் அரை நாள் லீவில் இருக்கிறேன். மற்றபடி எல்லாம் நடக்கிறது.

அண்ணி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

தப்பு என்னுடையது. ‘தண்ணீர்’ படத்தைச் சரிசெய்து அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். சரிசெய்தும் விட்டேன். அப்புறம்தான் உறைத்தது, ‘வலி’ இன்னும் நாலு தடவை கத்தும், ‘போர்வை’ நாலு தடவை கத்தும். அவசரத்தில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகப் புரோகிராம் எழுதி, ஒன்றைப் பார்த்து இன்னொன்றைப் பிரதியெடுத்து ஒட்டியிருந்தேன். எங்கள் தொழிலில் புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட இப்படிச் செய்தால் திட்டு வாங்குவார்கள்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ‘சொல்படம்’ என்று ஒரே ஒரு கிளாஸ் எழுதினேன், எல்லாப் படங்களுக்கும் பொதுவான அச்சு மாதிரி. ஒரு படம் என்றால் திரையில் எப்படி நிற்க வேண்டும், விரல் பட்டால் எவ்வளவு பெரிதாக வேண்டும், எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும், இதெல்லாம் அதில்தான் இருக்கிறது. திரையில் தெரியும் ஒவ்வொரு படமும் அந்தக் கிளாஸைச் சேர்ந்தது. அதற்கென்று சொந்தமாக இருப்பது அதன் முகம், அதன் சொல், அதன் இடம், இவ்வளவுதான். கிளாஸில் ஒரு வரி மாற்றினால் ஆம், இல்லை உள்பட இருபத்திரண்டும் ஒன்றாக மாறும்.

நடுக்கத்துக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். விரல் முதலில் எந்தப் படத்தில் படுகிறதோ அது மட்டும் ஒருமுறை பேசும். அடுத்த இரண்டு விநாடிக்கு மற்ற எதுவும் மூச்சுவிடாது.

உறையில் உள்ள மெமரி கார்டைச் செருகி, பச்சைப் பொத்தானைத் தொட்டால் போதும்.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

தங்கை

பிப்ரவரி 16

சின்னவளுக்கு,

வாத்தியார் பெண்டாட்டிக்கே கிளாஸ் எடுக்கிறாயா? இருக்கட்டும். நீ சொன்னது புரிந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரே அதட்டல், எல்லாம் கப்சிப். உன் அண்ணன் வேலையைத்தான் நீயும் பார்க்கிறாய்.

கார்டைப் போட்டேன். இப்போது ஒரே தடவைதான் பேசுகிறது. அந்தக் காவலாளி மரியாதைக்காரனாகிவிட்டான். கேள்வித் திரையும் நன்றாக உதவுகிறது. நான் கேட்கிறேன், இவர் தொடுகிறார், “ஆம்” என்கிறது. என் தலைப்பாரம் பாதி குறைந்த மாதிரி இருக்கிறது.

ஆனால் மனுஷன் மனசு ஒரு நிலையில் இல்லை. கஞ்சி கொடுத்தால் மீசையெல்லாம் ஒட்டிக் காய்கிறது. “மீசைய எடுத்துடலாமா?” என்று கேட்டேன். “ஆம்” என்றார். முடிதிருத்துபவரை வீட்டுக்கு வரச் சொல்லி எடுத்தாயிற்று. எடுத்த பிறகு கண்ணாடியைக் காட்டினேன். அவ்வளவுதான், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் இரண்டு நாள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. இந்த நோயில் காரணமில்லாமல் அழுகை வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

இன்னொன்று. எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம், “உங்க தங்கச்சி இப்போதைக்கு வர வேண்டாம்னு எழுதிடட்டுமா?” என்று கேட்டேன். “ஆம்” என்றார். சரியாகக் கேட்டதா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் “ஆம்”.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் இதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

அண்ணி

பிப்ரவரி 24

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. எழுதியதற்கு நன்றி.

அவர் சொன்னால் சரி. அவருக்குச் சொல்ல ஒரு வழி செய்து கொடுத்தவளே நான்தான். சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடுமா?

அம்மா அப்பா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர். உள்ளூரிலேயே ஒரு வேலை பார்த்துக்கொள் என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். வெளியூர் வேலைக்கு நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று, வாசல்வரைகூட வரவில்லை. அன்றைய கோபம் இன்னும் இருக்கிறது போலிருக்கிறது. இருக்கட்டும்.

திரையில் வேறு ஏதாவது சரியில்லாமல் இருந்தால் எழுதுங்கள். என்ன அற்பமாகத் தோன்றினாலும் எழுதுங்கள். அதையாவது நான் செய்கிறேன்.

தங்கை

மார்ச் 8

சின்னவளுக்கு,

உன் கடிதம் சின்னதாக வந்தது. எடை போட்டுப் பார்க்காமலே தெரிந்தது.

குறை கேட்டாய், சொல்கிறேன். இவர் ஓயாமல் தண்ணீர் கேட்கிறார். கொண்டுபோய் வாயருகே வைத்தால் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். நேற்று ஐந்து தடவை. ஐந்தாவது தடவை நான் டம்ளரை ‘டங்’கென்று வைத்துவிட்டு, “என்னங்க விளையாடறீங்களா?” என்று கத்திவிட்டேன். அப்புறம் அடுப்படியில் போய் நின்று அழுதேன். பெருக்குவதற்காக நிறுத்திய மின்விசிறியைத் திரும்பப் போடவில்லை, புழுக்கம் வேறு. இருவருக்கும் எரிச்சல்.

இரண்டாவது, உன் யந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்தே என் முந்தானை நைந்துவிட்டது. பயிற்சி கொடுக்கும் பெண் காலையில் எண்ணெய் தேய்த்துக் கையை நீவிவிடுகிறாள். அந்தக் கையோடு தொடுவாரா, திரையெல்லாம் எண்ணெய்க் கோடு. இவருக்குக் கையைத் தூக்கி வைக்க முடியாது. இடது பக்கத்திலிருந்து தேய்த்துக்கொண்டே கொண்டுவருவார். கேள்வித் திரையில் பார்த்தால் இடது ஓரத்தில் தொடங்கி, ‘ஆம்’ படத்தின் குறுக்கே ஓடி, ‘இல்லை’ படத்தின் நடுவில் போய் ஒரு பொட்டு மாதிரி நிற்கிறது கோடு. தினமும் அதே இடம். எண்ணெய் ஒட்டாத கண்ணாடி ஏதாவது கிடைக்குமா?

மூன்றாவது குறை இல்லை, செய்தி. பள்ளிக்கூடத்தில் அவர் இடத்துக்கு வேறு ஆள் போட வேண்டுமாம். “வேலைய விட்டுடறதா எழுதிக் குடுத்துடலாமா?” என்று கேட்டேன். “ஆம்” என்றார். எழுதிப் பெருவிரல் ரேகை வாங்கித் தலைமையாசிரியையிடம் நாளை கொடுக்கிறேன். ரேகை வைக்கும்போது கையை இழுத்து இழுத்துக்கொண்டார். பாவம், எத்தனை வருஷ வேலை, மனசுக்குக் கஷ்டமாகத்தானே இருக்கும்.

அண்ணி

மார்ச் 13

அண்ணி,

உங்கள் கடிதம் காலையில் வந்தது. இதை இன்றே விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். முதலில் இதைப் படியுங்கள்: ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்திருந்தால் உடனே திரும்ப வாங்குங்கள். அண்ணன் சம்மதிக்கவில்லை. அவர் ‘இல்லை’ என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அந்த எண்ணெய்க் கோட்டைப் பற்றி எழுதினீர்களே, அதை மூன்று தடவை படித்தேன். கோடு எங்கே முடிகிறதோ அதுதான் அண்ணி அவர் பதில். ‘ஆம்’ வழியில் இருக்கும் படம், அவ்வளவுதான். அதைத் தாண்டாமல் அவரால் ‘இல்லை’க்குப் போக முடியாது. நான் என்ன விதி எழுதி வைத்தேன்? விரல் முதலில் படும் படம் பேசட்டும், மற்றது வாயை மூடட்டும் என்று. அவர் ‘இல்லை’யில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். என் கிளாஸ் அந்தப் படத்தின் வாயைப் பொத்திவிட்டது. அவர் வாயால் சொல்லாததை ஒரு காவலாளியின் குரல் சொல்லியிருக்கிறது.

தண்ணீரும் அப்படித்தான். இடது ஓரத்தில் இருப்பது தண்ணீர், அதை அடுத்திருப்பது மின்விசிறி. அவர் ஐந்து தடவை விசிறியைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

மீசைக்கும் அவர் சம்மதித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

உங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. நீங்கள் கேட்டீர்கள், திரை பொய் சொன்னது. அந்தப் பொய்யை எழுதியவள் நான். என் மேஜையில் வைத்து நூறு தடவை சோதித்தேன். என் விரல் மேலிருந்து இறங்குகிற விரல். அண்ணனின் கை எப்படி வரும் என்று நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் பக்கத்திலேயே இருந்தேன். ஆறு நாளும் என்மேல் கோபமா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதிய கார்டு இதோடு இருக்கிறது. இனி விரல் எங்கே முதலில் பட்டது என்பது கணக்கில்லை. எந்தப் படத்தின் மேல் ஒரு விநாடி தங்குகிறதோ அது பேசும். நடுக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். தங்கும்போது படத்தைச் சுற்றி ஒரு வளையம் மெல்ல நிறையும். நிறைவதற்குள் விரல் நகர்ந்தால் பேசாது. கிளாஸில் ஏழு வரிகள் மாற்றினேன், இருபத்திரண்டு படங்களும் திருந்திவிட்டன. ஒரே தப்பை இருபத்திரண்டையும் செய்யவைத்ததும் அதே கிளாஸ்தான்.

இரவல் சக்கர நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, இடது கையை மேஜையில் தேய்த்துக்கொண்டே வந்து சோதித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

என்னைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். இவள் தனக்குச் சாதகமாகத் திரையை மாற்றி அனுப்பிவிட்டாள் என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றினாலும் என்னால் தாங்க முடியாது. மற்றதைக் கேளுங்கள். அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

தங்கை

மார்ச் 17

கார்டு வந்தது. படித்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். இப்போது வேறெதுவும் எழுத வராது.

அண்ணி

மார்ச் 23

சின்னவளுக்கு,

இரண்டு நாள் உன்மேல் எரிந்துகொண்டிருந்தேன். மூன்றாவது நாள் என்மேல். உன் திரை பொய் சொன்னது சரி, ரேகை வைக்கும்போது கையை இழுத்தாரே, அதைப் பார்த்த கண் என்னுடையதுதானே. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள். கண்ணில் நீர் வந்தால் நோய் என்றேன், உதட்டை இறுக்கினால் பிடிவாதம் என்றேன். ஒரு சத்தம் “ஆம்” என்றதும் மனுஷனைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். இதில் நீ பாதி, நான் பாதி.

பள்ளிக்கூடத்துக் கதை. கடிதத்தை மேலே அனுப்பிவிட்டார்களாம். எனக்கு உயிரே போய்விட்டது. தலைமையாசிரியை நாற்காலியில் உட்காரவைத்து, “பதறாதீங்க. வாபஸ் வாங்கறதா எழுதிக் குடுங்க, நான் இன்னிக்கே அனுப்பறேன்” என்றார். பதில் வர ஒரு மாதமாகுமாம். சாதகமாக வருமோ வராதோ தெரியாது. ஆனால் அந்த வாபஸ் காகிதத்தில் ரேகை வைக்க இவர் கையை இழுக்கவில்லை. அவரே நீட்டினார்.

கார்டைப் போட்ட பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். “இத்தனை நாள் இந்த யந்திரம் தப்பாச் சொல்லிச்சு. நான் அத நம்பிட்டேன். இப்ப மொதல்ல இருந்து கேக்கறேன்” என்றேன். கை தேய்த்துக்கொண்டே வந்தது. வளையம் நிறைந்தது.

“மீசைய எடுக்கச் சொன்னீங்களா?”

“இல்லை.”

“வேலைய விடச் சொன்னீங்களா?”

“இல்லை.”

“என்மேல கோவமா?”

விரல் ‘ஆம்’மில் நின்றது. வளையம் பாதி நிறைந்திருக்கும், எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் ‘இல்லை’க்குப் போனார். வேண்டுமென்றே செய்கிறார், உதட்டோரத்தில் சிரிப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் என்னைச் சீண்டியது இதுதான் முதல் தடவை. நான் அழுததைப் பார்த்து அவருக்கு இன்னும் சிரிப்பு.

மறுநாள் ‘இல்லை’யைப் பிடித்துக்கொண்டார். கஞ்சியா? இல்லை. இட்லியா? இல்லை. சட்டை மாற்றலாமா? இல்லை. பக்கத்து வீட்டு அம்மா பார்க்க வந்திருக்கிறாள், உள்ளே விடட்டுமா? இல்லை. எண்ணினேன், அன்று மட்டும் பதினொரு ‘இல்லை’. அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது வேறு கதை. எனக்கு ஆத்திரமாக வந்தது, பதிலுக்குப் பதில் சண்டை போட்டேன். ரொம்ப நாள் கழித்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி இருக்கிற மாதிரி இருந்தது.

நீ உன்னைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று எழுதினாய். நான் உன் பேச்சை எப்போது கேட்டிருக்கிறேன்?

இன்று காலை கேட்டேன். யாரும் குறை சொல்லக்கூடாது என்று இரண்டு விதமாகவும் கேட்டேன். “சின்னவ வர வேண்டாம்னு சொன்னீங்களா?” “இல்லை.” “சின்னவ வரட்டுமா?” “ஆம்.” போதாதென்று படங்களை இடம் மாற்றி வைத்தும் கேட்டேன், பயிற்சிக்காரப் பெண் மாற்றிக் கொடுத்தாள். அதே பதில். பிப்ரவரியில் மூன்று தடவை அழுத்தினாரே, அந்த மூன்றும் ‘இல்லை’தான். நான்தான் உனக்கு வேறு மாதிரி எழுதிவிட்டேன்.

நாள் குறிக்கலாம் என்று, “லீவு விட்டதும் வரச் சொல்லட்டுமா?” என்றேன். இல்லை. “அடுத்த மாசம்?” இல்லை. “அடுத்த வாரம்?” இல்லை. “வரணும்னு சொல்றீங்க, எப்பக் கேட்டாலும் இல்லங்கறீங்க, அப்ப எப்பத்தாங்க?” என்றேன்.

படத் திரைக்கு மாற்றச் சொல்லிக் கீழ்ப் பொத்தானைக் காட்டினார். மாற்றினேன். கை மெதுவாக ஊர்ந்து ஊர்ந்து, வலது கோடியில் மணிப் படம் ஒன்று போட்டிருக்கிறாயே, கழிப்பறை அவசரத்துக்கு, அதில் போய் நின்றது.

“சீக்கிரம்!” என்றான் உன் காவலாளி.

நான் அலறியடித்துப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்ள முடியாத குறைதான் அவருக்கு. பாத்திரத்தைக் கையால் தள்ளிவிட்டுத் திரும்பவும் மணியில் விரலை வைத்தார். “சீக்கிரம்!” என்னைப் பார்த்தார். வைத்தார். “சீக்கிரம்!” அவர் கண் மேஜைமேல் இருந்த உன் கடிதத்தின்மேல் இருந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது.

லீவு கிடைக்குமா, டிக்கெட் கிடைக்குமா என்றெல்லாம் எனக்கு எழுதிக்கொண்டிருக்காதே. நீ எழுதி, அது எங்கள் ஆபீஸுக்கு வந்து, நான் பிரித்துப் படிப்பதற்குள் இந்த மனுஷன் என்னை ஒரு வழி பண்ணிவிடுவார். இதை எழுதும்போதும் விரலை எடுக்கவில்லை. கிளம்பு.

அண்ணி